சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல

— யானை தெரியுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க காவோ.

— தெரியுது மீமே. ஆனா சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

— சொல்லிக்கிற மாதிரி இல்லையா? நம்ம வண்டியை விட ரெண்டு மடங்கு உயரமா நிக்குது!

— நின்னா ஆச்சா மீமே? அந்தத் தோலைப் பாருங்க. வேற யாருக்கோ தைச்சதை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி.

— மச்சான் சொல்றது நிஜம் மீமே. தந்தமும் ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. ஏன்டா காவோ, இதுக்காடா எஞ்சினை அணைக்கச் சொன்னே? இந்தக் குளிர்ல திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா இந்த நோஞ்சானா வந்து தள்ளும்?

— என் தப்புதான் தெபே. மன்னிச்சுக்க.

— தெபே, நீங்க டிரைவர். பரீட்சை உங்களுக்கு இல்ல, காவோவுக்கு.

— அதனாலதான் மீமே நான் இவ்வளவு சந்தோஷமா இருக்கேன்.

— காவோ, இன்னொரு தடவை சொல்றேன், நல்லா கேட்டுக்குங்க. இன்னைக்கு முழுக்க நான், நீங்க மரியாதைக்கு 'மீமே', அம்மான்னு கூப்பிடுற, தலைநகர் விண்ட்ஹோக் ஆபீஸ்ல இருந்து வந்த நாங்குலா இல்ல. முனிக்ல இருந்து வந்த பல் டாக்டர். பொறந்ததுல இருந்து யானையையே பாத்ததில்ல. நீங்க என் வழிகாட்டி. சரியா?

— சரி மீமே.

— பல் டாக்டருன்னா, எனக்குக் கடவாப் பல்லு ஒண்ணு...

— தெபே!

— இப்பவே பாக்கச் சொல்லல மீமே. டீ குடிக்கும்போது பாத்தா போதும்.

— இப்ப அந்தப் பல் டாக்டர் கேக்குறா, 'ஐயோ, எவ்வளவு பெரிய யானை! இதைப் பத்திச் சொல்லுங்களேன்!' நீங்க என்ன பதில் சொல்வீங்க?

— 'அம்மா, தப்பான பாதையில கூட்டிட்டு வந்துட்டேன்'னு சொல்வேன்.

— எழுதிக்கிறேன். கேள்வி நாலு, 'விருந்தினரிடம் உற்சாகத்தை ஏற்படுத்துகிறாரா?' பத்துக்கு ஒண்ணு.

— ஒண்ணே ஜாஸ்தி மீமே.

— ஜாஸ்திதான். அரை போட்டுக்குங்க மீமே, நான் சாட்சி.

— ரெண்டு பேரும் சிரிக்காதீங்க. எதுக்கு இந்தப் பரீட்சைன்னு தெரியுமா? இந்தக் கடுதாசியால. போன சீசன்ல நீங்க கூட்டிட்டுப் போன நாலு பேர் எழுதினது. படிக்கிறேன். 'எங்கள் வழிகாட்டி ஒரே நாளில் பதினோரு முறை எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். சிங்கத்தைக் காட்டி, முடி கொட்டிப்போன பூனை என்றார். பன்னிரண்டு காட்டுநாய்களைக் காட்டி, வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் அவரைத் திட்டினார். இருவருக்கும் நடுவே ஏதோ குடும்பப் பகை இருக்க வேண்டும் என்று என் மனைவி கருதுகிறாள்.'

— பகையா? என் தங்கச்சியையே இவனுக்குத்தானே மீமே கட்டிக் குடுத்திருக்கேன்!

— அதைத்தான் பகைன்னு நினைச்சிருப்பாங்க.

— டேய்!

— ஏன் இப்படிப் பண்றீங்க காவோ? பிடிக்காத வேலையா இது?

— ஐயோ, இல்ல மீமே. நான்தானே தடம் பாத்துக் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சவனே வாயைத் திறந்து 'அடடா'ன்னா கேக்க நல்லாவா இருக்கும்? உங்க பக்கத்துல வேட்டைக்குப் போனவன் மானைத் தூக்கிட்டு வந்து, 'பாரு, எவ்வளவு பெரிசு'ன்னு சொல்வானா?

— சொல்வான். பக்கத்துல நின்னு போட்டோவும் எடுத்துப்பான்.

— த்சே!

— எங்க ஆளுங்க கிட்ட அப்படிச் சொன்னா அந்தக் கறி தொண்டையில இறங்காது மீமே. அடிச்சவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, 'ஏதோ ஒண்ணு விழுந்துச்சு, பல்லுல ஒட்டக் கூடக் காணாது'ம்பான். நாங்க போய்ப் பாத்துட்டு, 'இந்தச் சுண்டெலிக்கா ஒரு நல்ல அம்பைக் கெடுத்தே'ம்போம். அப்புறம் ஊரே உக்காந்து மூணு நாள் தின்போம்.

— அது உங்க வீட்டு விவகாரம். இது உத்தியோகம். இந்தக் காப்பகத்துக்கு ஒரே ஒரு வழிகாட்டி பேட்ஜ். இன்னைக்கு நீங்க தேறலைன்னா, திங்கட்கிழமை அது ஃபெஸ்டஸ் சட்டையில இருக்கும்.

— கடற்கரை ஃபெஸ்டஸா? அடேயப்பா! மீமே, அவன் போன வாரம் கழுதைத் தடத்தைக் காட்டி வரிக்குதிரைன்னான். வண்டியில இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. கழுதைக்காரரும் பக்கத்துலதான் நின்னாரு, அவரும் சேந்து தட்டினாரு.

— கேள்வி நாலுல ஃபெஸ்டஸுக்குப் பத்துக்குப் பத்து.

— பேட்ஜ் போனா இவன் வேலிக்கு வெளியே மீமே. எங்க தண்ணிக்குழி உள்ள இருக்கு. இவன் பொண்ணு அங்க ஒரு மரத்தடியிலதான் பொறந்தா, வேலி போடறதுக்கு முந்தின வருஷம். இப்ப பேட்ஜ் குத்தினவன்தான் உள்ள இறங்கி நடக்கலாம், தன் கூட ஒருத்தரை அழைச்சிட்டும் போகலாம். நான் வெறும் டிரைவர். ஸ்டீரிங்கை விட்டு எழுந்திரிக்கக் கூடாது.

— அதெல்லாம் எதுக்கு தெபே இவங்ககிட்ட.

— நான் சொல்லாம? நீயா சொல்லப் போறே? 'எனக்கு வேணும்'னு ஒரு வார்த்தை உன் வாயில வருமா?

— அந்த மரம் ஒண்ணும் அப்படிப் பெருசில்ல மீமே. நிழல் கூட ஒழுங்கா விழாது.

— பொய்! எட்டுப் பேர் கை கோத்தாலும் சுத்த முடியாது.

— சரி, போதும். தெபே, கொஞ்சம் நிறுத்துங்க. நான் அந்தப் புதர் பக்கம் போயிட்டு வரணும்.

— எந்தப் புதர் மீமே?

— அதோ, அடர்த்தியா இருக்கே. தேவைக்குத்தான் கேக்குறேன், பரீட்சைக்கு இல்ல.

— அங்க வேண்டாம் மீமே. அங்க ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லாத இடமாத்தான் தேடிக்கிட்டிருக்கேன் காவோ.

— இல்ல மீமே, நிஜமாவே சொல்லிக்கிற மாதிரி அங்க எதுவும்...

— எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்க வேண்டாம். அஞ்சு நிமிஷம் தனியா விட்டா போதும்.

— மீமே, காலை உள்ள இழுங்க! கதவைச் சாத்துங்க! சிங்கம்!

— எங்க?

— அந்தப் புதர்லதான்!

— ஐயையோ! என் கையை விடுங்க, இல்ல இல்ல, விடாதீங்க! தெபே, வண்டியை எடுங்க!

— எடுத்துட்டேன் மீமே, எடுத்துட்டேன். நான்தான் அப்பவே சொன்னேனே, ஸ்டார்ட் ஆகலைன்னா யாரு தள்ளுறதுன்னு.

— அது வெறும் கிழட்டுச் சிங்கம் மீமே. பிடரி கூடச் சரியா வளரல...

— நீங்க வாயைத் திறக்காதீங்க! சிங்கம் இருக்கிற புதரைக் காட்டி ஒண்ணும் இல்லைங்கறீங்க!

— ஆபத்துன்னா நாங்க நேராவே சொல்லிடுவோம் மீமே. அதுல விளையாட்டு கிடையாது. நீங்க கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்.

— திறந்துட்டேனே!

— வேகமான ஆளு மீமே நீங்க.

— எழுதிக்கிறேன். கேள்வி ஆறு, 'விருந்தினர் பாதுகாப்பு.' எழுத்தே கோணல்மாணலா வருது. என் கையைப் பிடிச்சு உள்ள இழுத்ததால, போனாப் போகுதுன்னு ஆறு.

— வேற நல்ல புதரா பாத்து நிறுத்தவா மீமே?

— வேண்டாம் தெபே. இப்ப தேவைப்படல.

— காரியம் முடிஞ்சுபோச்சா?

— பயத்துல உள்ளேயே போயிடுச்சுன்னு சொன்னேன்! ரோட்டைப் பாருங்க! காவோ, இப்படி வாங்க. பழகிப் பாப்போம். அதோ, ஒட்டகச்சிவிங்கி. 'இது உலகத்துலயே உயரமான விலங்கு.' இதுல பெருமையே இல்ல, வெறும் தகவல். சொல்லுங்க.

— இது... உலகத்துலயே...

— ம், வருது, வருது.

— உலகத்துலயே... ஏதோ கொஞ்சம் கழுத்து இருக்கிற...

— காவோ!

— உயரமான விலங்கு. மன்னிச்சுக்க.

— நல்லாத்தானே சொன்னீங்க. என்கிட்ட எதுக்கு மன்னிப்பு?

— உங்ககிட்ட இல்ல மீமே. அதுகிட்ட. பாவம், அது பாட்டுக்கு இலை தின்னுக்கிட்டிருந்துச்சு.

— தெபே, வண்டி ஓட்டுறவர் ஏன் கண்ணை மூடிக்கிட்டிருக்கீங்க?

— என்னால பாக்க முடியல மீமே. நல்ல குடும்பத்துல பொறந்த பய. பாருங்க, ஜூலை மாசக் குளிர்ல அவன் முதுகெல்லாம் வேர்த்துப்போச்சு. இவனைப் போட்டுப் பாடாப் படுத்தாதீங்க. நான் ஒரு வழி சொல்றேன், அதைக் கேளுங்க.

— என்ன வழி?

— இவன் பேசறதை அப்படியே கவுத்துப் போட்டுக் கேளுங்க. 'சொல்லிக்கிற மாதிரி இல்ல'ன்னா, நல்ல யானை. 'மன்னிச்சுக்கங்க'ன்னா, சிங்கம். 'வீட்டுக்குப் போயிடலாம்'னா, காட்டுநாய், அதுவும் குட்டியோட. எவ்வளவு கேவலமா பேசறானோ அவ்வளவு கெட்டியா கேமராவைப் பிடிச்சுக்கணும்.

— அதுக்கும் மேல?

— அதுக்கும் மேல இவன் பேசி நான் கேட்டதில்ல மீமே.

— தெபே, நிறுத்து.

— ஏன்டா?

— ஒண்ணும் இல்ல. மணல்ல ஏதோ கோடு மாதிரி இருக்கு. இறங்கிப் பாத்துட்டு வரேன்.

— பாருங்க மீமே, எப்படிக் குனியறான் பாருங்க. விரலை வெச்சு மண்ணைத் தொடறான். இப்ப எழுந்து வருவான், வந்து 'ஏதோ முயல்'ம்பான், நான் 'முயலுக்கா பிரேக் போட்டேன்'னு...

— மீமே.

— சொல்லுங்க காவோ. என்ன தடம்?

— நீங்க வண்டியிலயே இருந்துடுங்க மீமே.

— ஏன்?

— இதைப் போய்க் காட்டினா அப்புறம் என் மூஞ்சியில முழிக்க மாட்டீங்க. என்னை இங்கேயே தோக்கடிச்சிருங்க. அதுதான் எனக்கு மரியாதை.

— தெபே... இது எந்த ரகம்?

— தெரியல மீமே. நீங்க முதல்ல ஷூ கயிறை இறுக்கிக் கட்டுங்க. ஓடுங்க! ஐயோ, நான் இறங்கக் கூடாதே! டேய் காவோ, என்னன்னு கத்தியாவது சொல்லுடா!

— கத்தாதே தெபே. மீமே, மெதுவா. நான் மிதிச்ச இடத்துலயே மிதிங்க.

— இதுவா தடம்? சின்னச் சின்னக் குழி, நடுவுல ஒரு கீறல்?

— பின்காலால மட்டும் நடந்திருக்கு. முன்கை ரெண்டையும் நெஞ்சோட சேத்து வெச்சிருக்கு, பெரிய மனுஷன் வீட்டு வாசல்ல நிக்கிற ஆள் மாதிரி. கீறல் அதோட வால். இங்க பாருங்க, எறும்புப் புத்தைக் கிளறியிருக்கு. மண்ணுல ஈரம் காயல. நாம அந்த யானையைத் திட்டிக்கிட்டிருந்தப்போ இது இங்கதான் இருந்திருக்கு.

— காவோ, நான் நினைக்கிறதுதானா? அது இருட்டினப்புறம்தானே வெளியே வரும்?

— குளிர்காலத்துல இருட்டு அதுக்குத் தாங்காது மீமே. பகல்லயே வந்து எறும்பு தின்னுட்டுப் போயிடும். திடமான ஜீவன் இல்ல. உக்காருங்க. அந்தக் காஞ்ச கட்டைக்கு இடது பக்கம்.

— எங்க... ஐயோ.

— மன்னிச்சுக்கங்க மீமே.

— அழுங்கு. எறும்புத்தின்னி!

— ஆமா மீமே. நாலு கால் இருந்தும் நடக்கத் தெரியாது. வாயில ஒரு பல்லு கிடையாது. பல் டாக்டருக்கு இங்க ஒரு வேலையும் இல்ல.

— பதினாலு வருஷம் காவோ. பதினாலு வருஷமா இந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு காப்பகமா போறேன். படத்துலதான் பாத்திருக்கேன்.

— படத்துல நல்லா இருந்திருக்கும்.

— அந்தச் செதில்... ஒவ்வொண்ணும் வெயில் பட்டு...

— உடைஞ்ச ஓட்டைப் பொறுக்கி ஒட்டவெச்ச மாதிரி.

— நம்மளைப் பாக்குதா?

— கண்ணு அவ்வளவாத் தெரியாது மீமே. தெரிஞ்சிருந்தா என்னைப் பாத்ததும் வேற பக்கம் போயிருக்கும்.

— காவோ, அது இங்க வருது. என் காலை நோக்கி வருது.

— அசையாதீங்க. உங்க ஷூவைப் புத்துன்னு நினைக்குது. அறிவும் கொஞ்சம் கம்மிதான்.

— என் ஷூ மேல கை வெச்சிருக்கு.

— ...

— காவோ. நகம் படறது கூடத் தெரியுது.

— ...

— ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?

— இதுக்குக் கீழ இறக்கிப் பேச என்கிட்ட வார்த்தை இல்ல மீமே.

— மீமே! வந்துட்டீங்களா! என்ன ஆச்சு? ஏன் அழறீங்க? பாம்பா? முள்ளா? டேய், என்னடா பண்ணினே இவங்களை?

— ஒண்ணும் இல்ல தெபே.

— ஒண்ணும் இல்லையா?

— சுத்தக் குப்பை. வீணா நடந்தேன். ஷூ எல்லாம் எறும்புப் புத்து மண்ணு. என்னத்துக்கு இறங்கினோம்னு ஆயிடுச்சு.

— அடேயப்பா! மீமேவே இப்படிப் பேசினா... அழுங்கா? மச்சான், அழுங்கா? நான் இங்க உக்காந்து உப்புக்கண்டத்தை மென்னுக்கிட்டிருக்கேன், நீ அங்க அழுங்கைக் காட்டிக்கிட்டிருக்கே! உனக்குப் பொண்ணு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!

— சின்ன அழுங்குதான் தெபே.

— எழுதிக்கிறேன். கேள்வி ஒண்ணு, 'தடம் அறிதல்', பத்து. கேள்வி நாலை அடிச்சுட்டேன். புதுசா எழுதறேன், 'பல் டாக்டர் அழுதாள்', பத்து.

— மீமே, இது ரொம்பத் தப்பு. ஒரு அஞ்சாறு குறைச்சுக்கலாம்.

— பேசாதீங்க. தேறிட்டீங்க. கடைசிப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி. அதை நான் தொடக் கூடாது, நீங்களே கைப்பட நிரப்பணும். 'நீங்கள் எப்படிப்பட்ட வழிகாட்டி? உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?' அஞ்சோ அதுக்கு மேலயோ போடுங்க. அதுக்குக் கீழ இருந்தா, தன்னம்பிக்கை இல்லாத ஆளுன்னு ஆபீஸ் கம்ப்யூட்டரே பேரை எடுத்துடும். நான் போட்ட பத்தெல்லாம் வீண்.

— எந்தப் புண்ணியவான் மீமே இந்தக் கேள்வியை எழுதினாரு?

— வெளிநாட்டுல ஒரு குழு, தெபே. மனசு சம்பந்தமா படிச்சவங்க.

— எழுதிட்டேன் மீமே.

— பரவாயில்லையே. எத்தனை?

— பூஜ்யம்.

— காவோ!

— அந்த வட்டம் கூடக் கோணல் மீமே.

— அடிச்சுட்டு ஒன்பது போடுங்க. ஃபெஸ்டஸ் பத்துக்குப் பதினொண்ணு போட்டாரு!

— கை வரல மீமே.

— வெறும் ஒரு எண். யாரும் படிக்கக் கூட மாட்டாங்க.

— நான் படிப்பேனே.

— மச்சான், விளையாடாதே. உன் பொண்ணுக்கு அந்த மரத்தை யாரு காட்டுவா? ஃபெஸ்டஸா? அவன் அதை மலைன்னு சொல்லுவான், இவளும் நம்பிட்டு வந்துடுவா.

— தெரியும் தெபே. எனக்கு அது வேணும். சொல்லிட்டேன் பாரு, வாயைத் திறந்து சொல்லிட்டேன். எனக்கு அந்த பேட்ஜ் வேணும், அந்தத் தண்ணி வேணும், அந்த மரம் வேணும். ஆனா 'நான் நல்லவன், ஒன்பது'ன்னு இந்தக் கையாலயே எழுதிட்டு, அதே மரத்தடியில போய் எப்படி உக்காருவேன்?

— நான் உன் கையைப் பிடிச்சு எழுதறேன். கண்ணை மூடிக்க.

— அது கள்ளக் கையெழுத்து தெபே. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.

— அப்ப நீங்களும் கண்ணை மூடிக்குங்க மீமே!

— விடு தெபே. மீமேவைச் சங்கடப்படுத்தாதே. வண்டியை எடு, கேட்டுக்குப் போவோம்.

— இருங்க. அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க. பூஜ்யம்... பூஜ்யமா? தெபே, உங்க மச்சானுக்கு எவ்வளவு கர்வம் பாத்தீங்களா?

— கர்வமா? எனக்கா மீமே?

— பின்ன? இந்த நாட்டுல எத்தனை நூறு வழிகாட்டிங்க இருக்காங்க! கழுதையை வரிக்குதிரைன்னவர் இருக்காரு. வண்டியைச் சேத்துல இறக்கி, மூணு நாள் கழிச்சு ஹெலிகாப்டர்ல வந்தவர் இருக்காரு. ஒரு குடும்பத்தைத் தண்ணிக்குழி பக்கம் மறந்துட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர் இருக்காரு. அத்தனை பேரும் வரிசையில நிக்கிறாங்க. நீங்க என்னடான்னா அவங்களை எல்லாம் தள்ளிட்டு, 'என்னை விட மோசமானவன் ஒருத்தன் கிடையாது'ன்னு முதல் ஆளா போய் நிக்கிறீங்க!

— மீமே, நான் அந்த அர்த்தத்துல...

— அடேயப்பா! ஆமாடா! இத்தனை வருஷம் ஒரே வண்டியில குப்பை கொட்டியிருக்கேன், மனசுக்குள்ள இவ்வளவு பெரிய ஆளா நீ? தங்கச்சி காதுல விழுந்தா வெளியே தலை காட்ட மாட்டா.

— டேய் தெபே, நீயுமா...

— கேக்குறேன், பதில் சொல்லுங்க காவோ. பூஜ்யம் வாங்குற அளவுக்கு அப்படி என்ன கிழிச்சுட்டீங்க? நீங்க யாரு? ஏதோ நடுவுல கிடக்கிற ஒரு சாதாரண ஆளு.

— ...பேனாவைக் குடுங்க மீமே. அஞ்சு.